அத்தியாயம் 7: அணைத்த பிறகும் ஓடும் கணினி

பட்டர்வொர்த்தின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் சாயங்காலம் மெஷினை நிறுத்தினால் அது நிற்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மின்சாரம் அறுந்துவிடும், அவ்வளவுதான். மாடியில் கணக்குப் பிரிவில் இருக்கும் டெஸ்க்டாப் அப்படியில்லை. ‘ஷட் டவுன்’ கொடுத்தால் திரை கறுப்பாகிறது; பெட்டிக்குள் விசிறி மட்டும் ஓய்வதில்லை, முன்பக்க விளக்கும் எரிகிறது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தோ சுவர் சுவிட்சைத் தட்டியோ அதை அடக்கிவிட்டு ஆள் வீட்டுக்குக் கிளம்புகிறார். மறுநாளும் இதே கதை. வீட்டுக் கணினியும் டியூஷன் சென்டர் கணினியும் கோயில் அலுவலகக் கணினியும் இதே தொல்லையைக் கொடுப்பதுண்டு.

கடையில் கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும்: “மதர்போர்டு போச்சு” அல்லது “விண்டோஸ் மறுபடி போடணும்”. சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படுகிற பதில் என்பதால் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: கணினியை அணைய விடாமல் பிடித்து வைத்திருப்பது விண்டோஸா, பெட்டிக்குள் இருக்கும் பாகமா? இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குச் செலவே இல்லை. இந்த அத்தியாயத்தின் பாதி உயிர் அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அலட்சியமாக விட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. 60 வாட் இழுக்கும் கணினி இரவில் 14 மணி நேரம் சும்மா ஓடினால் 0.84 யூனிட். மாதத்துக்கு 25 யூனிட்டுக்கு மேல். உங்கள் டிஎன்பி மின்சாரப் பில்லில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். தினமும் வலுக்கட்டாயமாக அணைப்பதால் கெட்டுப்போகும் கோப்புகளுக்கு விலை தனி.

ஒரு குறிப்பு: மெனு பெயர்களை உங்கள் திரையில் ஆங்கிலத்தில் பார்ப்பீர்கள். இங்கே அவற்றை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் அடையாளம் தெரிந்துவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த வழிமுறைகள் பொருந்தும்.

எது கோளாறு, எது கோளாறே இல்லை

1995-இல் இண்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்புக்கு முன்பு, கணினியின் பொத்தான் மின்சாரத்தையே நேரடியாக வெட்டியது. இன்றைய பொத்தான் வெறும் வேண்டுகோள். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை பவர் சப்ளை ஒரு சிறிய 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதற்குக் காத்திருப்பு மின்சாரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணினி ஓடும்போது மதர்போர்டு ‘பிஎஸ்-ஆன்’ என்ற ஒரு கம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை விட்டதும் காத்திருப்பு மின்சாரம் தவிர மற்றதெல்லாம் நிற்கும். விடாவிட்டால் விசிறி சுற்றும். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய தத்துவம் இவ்வளவே.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை கோளாறல்ல:

- அணைத்த பிறகும் மதர்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிவது
- மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம்
- நெட்வொர்க் கேபிள் செருகும் இடத்தில் விளக்கு மினுக்குவது
- யூஎஸ்பியில் செருகிய கைப்பேசி தொடர்ந்து சார்ஜ் ஆவது

விசிறி ஓடுவது, முன்பக்க விளக்கு நிலையாக எரிவது, ‘ஷட்டிங் டவுன்’ வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது, அணைந்த கணினி தானாக மறுபடி எழுவது ஆகிய நான்கும் கோளாறு. முன்பக்க விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கணினி தூங்குகிறது, அணையவில்லை. அப்படியானால் கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய், பவர் பொத்தானுக்கு ‘ஸ்லீப்’ என்று வைத்திருப்பதை ‘ஷட் டவுன்’ என்று மாற்றினால் போதும். இந்த அத்தியாயத்தை இத்துடன் மூடிவிடலாம்.

கை வைக்கும் முன்

மலேசிய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் அது 325 வோல்ட் அளவுக்கோ அதற்கு மேலோ ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது. ஆகவே முதல் விதி: பவர் சப்ளையின் தகரப் பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். அது பழுதானால் முழுதாக மாற்றுவதுதான் வழி. கணினிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறப்பது வேறு. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசை:

1. கணினியை அணையுங்கள். அணையாவிட்டால் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள்.
2. சுவர் சுவிட்சை அணைத்து, மூன்று முள் பிளக்கைப் பிடுங்குங்கள்.
3. பிளக் இல்லாத நிலையில் பவர் பொத்தானை மறுபடி 10 விநாடி அழுத்துங்கள். மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். போர்டு விளக்கு அணையும்வரை காத்திருங்கள்.
4. எந்தப் பாகத்தையும் தொடும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொடுங்கள். பினாங்கில் ஈரப்பதம் அதிகம் என்றாலும் குளிர்சாதன அறையில் உடம்பில் நிலைமின்சாரம் சேரத்தான் செய்யும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு முள் பிளக்கை மூன்று துளை சொக்கெட்டில் செருகுவதற்கு மேல் துளையில் பேனாவைக் குத்தும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். கணினிக்கு அதைச் செய்யவே கூடாது. எர்த் இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷனும் ஆகாது. பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் ‘சுருக்’கென்று பட்டால் எர்த் சரியில்லை என்று அர்த்தம், கணினியை விட்டுவிட்டு முதலில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிளக் போட்டதும் வீட்டின் இஎல்சிபி விழுந்தால் அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். இடி இடிக்கும்போது இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டார்ச், படம் எடுக்கக் கைப்பேசி, ஒரு பென் டிரைவ், பேனா, காகிதம். காகிதத்தை அசட்டை செய்யாதீர்கள். என்னென்ன மாற்றினோம் என்று எழுதி வைக்காதவர் கடைசியில் எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. மறுபடி கெட்டால் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சோதனை: யார் பிடித்து வைத்திருக்கிறார்?

1. முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். கணக்குக் கோப்புகளை முதலில்.
2. விசைப்பலகை, மவுஸ், திரை, மின் கம்பி தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரிண்டர், ஸ்கேனர், யூஎஸ்பி ஹப், வெளி ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கேபிள், எல்லாம்தான்.
3. வழக்கம்போல ‘ஷட் டவுன்’ கொடுங்கள். இப்போது அணைந்துவிட்டதா? குற்றவாளி நீங்கள் பிடுங்கியவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் அணைத்துப் பாருங்கள். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் மேல் முதல் சந்தேகம் வையுங்கள். மலிவான ஹப்கள் கணினிக்குள் பின்வழியாக மின்சாரம் தள்ளுவதுண்டு.
4. இன்னும் அணையவில்லை என்றால் பொத்தானை 10 விநாடி பிடித்து அணைத்துவிட்டு, மறுபடி போடுங்கள். போட்ட உடனே, மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழையும் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளில் டெலீட், டெல் கணினியில் எஃப்2, ஏசுஸ் போர்டில் எஃப்2 அல்லது டெலீட், எச்பியில் எஃப்10, லெனோவோ அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் எஃப்1.
5. பயாஸ் திரை வந்ததும் எதையும் மாற்றாதீர்கள். பவர் பொத்தானை ஒரே ஒரு முறை, லேசாக அழுத்துங்கள்.

பயாஸ் திரையில் விண்டோஸ் இன்னும் எழவே இல்லை. பொத்தானுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்பது மதர்போர்டு மட்டும். பெரும்பாலான கணினிகளில் இங்கே ஒரு தட்டில் எல்லாம் நிற்க வேண்டும்.

- உடனே அணைந்தால்: போர்டும் பவர் சப்ளையும் சொன்னபடி கேட்கின்றன. தொல்லை விண்டோஸில் அல்லது அதன் டிரைவரில். ‘விண்டோஸ் பக்கம்’ பகுதிக்குப் போங்கள்.
- இங்கேயும் விசிறி நிற்காவிட்டால்: விண்டோஸை மறந்துவிடுங்கள். அதை மறுபடி போடுவது வீண் வேலை. நேராக ‘பெட்டிக்குள்’ பகுதிக்குப் போங்கள்.

எப்போதாவது மட்டும் அணையாத கணினியாக இருந்தால், காலையில் ஒரு முறையும் நாள் முழுக்க ஓடிச் சூடான பிறகு ஒரு முறையும் இதைச் செய்யுங்கள். சூட்டில் மட்டும் தலைகாட்டும் பழுதுகள் உண்டு.

சந்தேகம் தீராதவர்களுக்கு: வேறொரு கணினியில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, ஹார்டு டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கி, அங்கிருந்து அணையுங்கள். லினக்ஸில் ஒழுங்காக அணைந்தால் விண்டோஸ்தான். பயாஸில் அணைந்து, லினக்ஸிலும் விண்டோஸிலும் அணையாவிட்டால் பயாஸ் அமைப்புகள் அல்லது அதன் பழைய பதிப்பு.

விண்டோஸ் பக்கம்

வரிசையைக் கலைக்காதீர்கள். ஒன்றைச் செய்து, இரண்டு மூன்று முறை அணைத்துப் பார்த்த பிறகே அடுத்தது.

*அ. ஷிஃப்ட் பிடித்து அணைப்பது*

1. எல்லா நிரல்களையும் மூடுங்கள்.
2. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ‘ஷட் டவுன்’ என்பதைச் சொடுக்குங்கள்.

இப்படிச் செய்தால் மட்டும் ஒழுங்காக அணைகிறதா? விடை கிடைத்துவிட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற ஒன்று சேர்ந்தது. காலையில் சீக்கிரம் எழுவதற்காக, அணைக்கும்போது விண்டோஸ் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைகுறையாகவே அணைகிறது. சில பழைய போர்டுகளுக்கும் டிரைவர்களுக்கும் இது ஒத்துவருவதில்லை. ஷிஃப்ட் பிடித்தால் அந்த ஒரு முறை மட்டும் முழு அணைப்பு நடக்கும்.

நிரந்தரமாக நிறுத்த:

1. கன்ட்ரோல் பேனல், ‘பவர் ஆப்ஷன்ஸ்’.
2. இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’.
3. மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்பதைச் சொடுக்கினால்தான் கீழே உள்ளவை கைக்கு வரும். பலர் இங்கே நின்றுவிட்டு ‘என் கணினியில் அது மங்கலாக இருக்கிறது’ என்கிறார்கள்.
4. ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ எதிரே உள்ள டிக்கை எடுத்து, ‘சேவ் சேஞ்சஸ்’.

எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் இழப்பது சில விநாடிகள். என் கருத்தில், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெஸ்க்டாப்பில் இதை நிறுத்தி வைப்பதே நல்லது.

*ஆ. இண்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர்*

திரை அணைந்து, விசிறியும் விளக்கும் மட்டும் ஓடினால் அடுத்துப் பார்க்க வேண்டியது இது. இண்டெல் சிப்செட்டுக்குள் ஒரு குட்டிக் கட்டுப்பாட்டகம் இருக்கிறது. கணினியை அணைப்பதில் அதற்கும் பங்குண்டு. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய போர்டுகளுக்கும் அதன் 11-ஆம் வரிசை டிரைவர் தானாகப் போய்ச் சேர்ந்து, அணைக்க முடியாத கணினிகள் உலகெங்கும் பெருகின. போர்டு வாங்கிய காலத்து 9 அல்லது 10-ஆம் வரிசை டிரைவரைத் திரும்பப் போட்டதும் பலருக்குச் சரியானது. இண்டெல் 1972-இலிருந்து பாயான் லெப்பாஸில் இருக்கிறது. பினாங்குப் பாலம் தாண்டினால் தொழிற்சாலை. ஆனாலும் டிரைவரை உங்கள் கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில்தான் தேட வேண்டும்.

1. விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, ‘டிவைஸ் மேனேஜர்’ திறவுங்கள்.
2. ‘சிஸ்டம் டிவைசஸ்’ கீழே ‘இண்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்’ என்பதை இரட்டைச் சொடுக்கு.
3. ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டு அணைத்துப் பாருங்கள்.
4. பலன் இல்லையென்றால், கணினியின் பின்னால் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்றே உள்ள டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

ஏஎம்டி சிபியு உள்ள கணினியில் இந்தப் பெயரே இருக்காது. அதற்குத் தயாரிப்பாளர் தளத்திலுள்ள சிப்செட் டிரைவரைப் போடுங்கள். ‘எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும்’ என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். ஒன்றைச் சரிசெய்ய வந்து ஐந்தைக் கெடுத்துவிட்டுப் போகும்.

*இ. வட்டம் மட்டும் சுற்றினால்*

‘ஷட்டிங் டவுன்’ திரையிலேயே நின்றால் ஏதோ ஒரு நிரலோ சேவையோ மூட மறுக்கிறது. முதலில் பொறுமை. ‘டோன்ட் டர்ன் ஆஃப்’ என்று அப்டேட் ஓடினால், பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதை நடுவில் வெட்டினால் விண்டோஸ் எழாமலே போகக்கூடும். டிஸ்க் விளக்கு மினுக்கும்வரை விட்டுவிடுங்கள்.

அப்டேட் இல்லை என்றால்:

1. விண்டோஸ் தேடலில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ தேடித் திறவுங்கள்.
2. ‘சர்வீசஸ்’ பக்கத்தில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் போடுங்கள். இதை மறந்தால் அடுத்த படியில் விண்டோஸின் கைகால்களையே முடக்கிவிடுவீர்கள்.
3. மீதியுள்ளவற்றின் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு, ‘டிசேபிள் ஆல்’.
4. ரீஸ்டார்ட் செய்து, பிறகு அணைத்துப் பாருங்கள். அணைந்தால், பாதியை மட்டும் திரும்ப இயக்குங்கள். மறுபடி தொல்லை வந்தால் குற்றவாளி அந்தப் பாதியில். அதைப் பாதியாக்கிக்கொண்டே போனால் நாலைந்து சுற்றில் பெயர் தெரிந்துவிடும்.

பிரிண்டர் மேலாண்மை நிரல்கள், இரண்டாவது ஆண்டிவைரஸ், கிளவுட் நகல் எடுக்கும் நிரல்கள் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். கணக்கு மென்பொருளின் தரவுத்தளச் சேவையும் மூட நேரம் எடுக்கும். அதை நிறுத்தும் முன் மென்பொருள் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

*ஈ. சாட்சி கேட்பது*

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திய பிறகு மட்டுமே இது சரியாக வேலை செய்யும். ‘ஈவெண்ட் வியூவர்’ திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஃபில்டர் கரன்ட் லாக்’. எண்களுக்கான கட்டத்தில் 41, 1074, 6006, 6008 என்று இடுங்கள். 1074 என்பது அணைக்கச் சொன்னது யார் என்ற பதிவு. 6006 என்றால் பதிவுச் சேவை முறையாக மூடப்பட்டது. 41, 6008 இரண்டும் கணினி முறையின்றி நின்றதை மறுநாள் சொல்பவை. நேற்று மாலை 6006 இருந்தும் விசிறி ஓடியது என்றால், விண்டோஸ் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் மின்சாரத்தை வெட்டுவதில்தான் தடங்கல். மேலே சொன்ன டிரைவர், அல்லது பயாஸ்.

பயாஸ்

எதையும் தொடும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். குறிப்பாக ‘சாட்டா மோட்’ என்ன என்பதை. ‘லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்’ கொடுத்து எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் அதுவும் மாறலாம். மாறினால் விண்டோஸ் எழாது. திரும்ப வைக்க அந்தப் படம் வேண்டும். விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால், மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறியதைக் கண்டு அது சாவி கேட்கும்.

தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியும் பலன் இல்லையென்றால் ‘ஈஆர்பி’ என்ற அமைப்பைத் தேடி இயக்குங்கள். அணைந்த கருவிகள் இழுக்கும் மின்சாரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் 0.5 வாட் என்று வரம்பு வைத்தது. இத்தகைய வரம்புகளுக்காகப் பிறந்த அமைப்பு இது. மவுஸ் வெளிச்சம், நெட்வொர்க் விளக்கு எல்லாம் இதனால் அணைந்துவிடும். அறையில் தூங்குபவருக்கு அந்த வெளிச்சம்தான் தொல்லை என்றால் இதுவே மருந்து.

மாற்றியது மறுநாள் மறந்துபோகிறதா? தேதியும் தவறாகக் காட்டுகிறதா? போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள், சில வெள்ளிதான். இரவுதோறும் சுவர் சுவிட்சை அணைப்பவர்களுக்கு இது சற்று விரைவாகவே தீரும்.

பயாஸைப் புதுப்பிப்பது கடைசி முயற்சி. நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துப்போகலாம். யூபிஎஸ் இல்லாமல், மழை மேகம் கூடிய பிற்பகலில் இதைச் செய்யாதீர்கள்.

பெட்டிக்குள்

பயாஸ் திரையிலும் அணையாத கணினிக்கு இந்தப் பகுதி. பாதுகாப்பு வரிசையை மறுபடி ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் பொத்தான். அது உள்ளே சிக்கிக்கொண்டால் கணினி எழுந்து நாலைந்து விநாடியில் படுத்துவிடும். தேய்ந்த பொத்தான் அணைந்த கணினியைத் தானாக எழுப்பும். விசிறி நிற்காமல் ஓடுவதற்குப் பொத்தான் காரணமாவது அபூர்வம். அதே பொத்தானால்தானே கணினியைப் போட்டீர்கள்! ஆனாலும் பார்ப்பது சுலபம். போர்டின் ஓரத்தில் ‘பவர் எஸ்டபிள்யூ’ என்ற சிறு இணைப்பைக் கழற்றி, அதே இடத்தில் ‘ரீசெட்’ பொத்தானின் இணைப்பைச் செருகுங்கள். இனி ரீசெட்தான் உங்கள் பவர் பொத்தான். கோளாறு போய்விட்டால் பொத்தான் பழுது.

அடுத்தது திரைக் கேபிள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பயன்படுத்துகிறீர்களா? தரமற்ற கேபிள்களில் 20-ஆம் முள் தவறாக இணைக்கப்பட்டு, திரையிலிருந்து கணினிக்குள் 3.3 வோல்ட் நுழையும். கேபிளைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பவர் சப்ளையா, மதர்போர்டா என்று பிரிக்க வேண்டும்:

1. பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரத்தை வடியுங்கள்.
2. போர்டில் செருகியுள்ள அகலமான 24 முள் இணைப்பைப் படம் எடுத்து, பக்கத்துக் கொக்கியை அழுத்தியபடி நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் போர்டு வளையும்.
3. உள்ளே எதையும் தொடாமல் பிளக்கைச் செருகி, சுவர் சுவிட்சைப் போடுங்கள்.
4. பவர் சப்ளையின் விசிறியோ, அதிலிருந்து நேரே மின்சாரம் பெறும் பெட்டி விசிறியோ ஹார்டு டிஸ்க்கோ சுற்றுகிறதா? போர்டின் கட்டளையே இல்லாமல் ஓடுகிறது என்றால் பவர் சப்ளை பழுது. எதுவும் அசையவில்லை என்றால் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிஎஸ்-ஆன் கம்பியை விடாமல் பிடித்திருப்பது போர்டு.
5. சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழையபடி செருகுங்கள்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைக்கும் சோதனையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது ஓடாத பவர் சப்ளைக்கானது. நம் பிரச்சினை ஓட்டம் நிற்காதது. கிளிப்பால் ஒன்றும் தெரியாது.

புதிய பவர் சப்ளை வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ அலுவலகக் கணினிகளை வாங்கியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அவற்றில் பல மாடல்களுக்கு 24 முள் இணைப்பே கிடையாது. தங்களுக்கென்று தனி அளவும் தனி இணைப்பும் வைத்திருக்கின்றன. மேலே சொன்ன சோதனையும் அவற்றுக்குப் பொருந்தாது. பழைய பவர் சப்ளையின் ஒட்டுச்சீட்டையும் இணைப்பையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அணைந்து, தானே எழுந்தால்

இது வேறு நோய். பயாஸில் ‘வேக் ஆன் லேன்’, குறித்த நேரத்தில் எழுப்பும் ‘ஆர்டிசி அலார்ம்’, விசைப்பலகையால் எழுப்புவது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். சுவர் சுவிட்சைப் போட்டதுமே கணினி எழுகிறது என்றால் ‘ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்’ என்பதை ‘பவர் ஆஃப்’ என்று வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அட்டை, மவுஸ், விசைப்பலகை ஒவ்வொன்றின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்திலும் கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடலாம்.

அணைக்கச் சொன்னதும் நொடியில் மறுபடி எழுந்தால், அணையும் நேரத்தில் விண்டோஸ் நிலைகுலைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. ‘சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்’, ‘அட்வான்ஸ்டு’, ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ போய் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுங்கள். அடுத்த முறை நீலத்திரை நின்று, பிழையின் பெயரைக் காட்டும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒரே மூச்சில் ஐந்து மாற்றங்கள் செய்வதுதான் முதல் தவறு. ‘ரெஜிஸ்ட்ரி’யில் எண்களை மாற்றச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்றுவது அடுத்தது; நிரல்களை மூடக் கொடுக்கும் நேரத்தைக் குறைத்தால் நோய் மறையும், சேமிக்காத கணக்கும் சேர்ந்து மறையும். ரீஸ்டார்ட் ஒழுங்காக நடப்பதைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நம்புவதும் உண்டு. ரீஸ்டார்ட்டில் மின்சாரம் வெட்டப்படுவதே இல்லை, ஆகவே அது சோதனை ஆகாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், ‘அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதிலும் பெரும்பாலும் பயனில்லை.

கடைக்குப் போகும்போது

போர்டுதான் என்று தெரிந்துவிட்டால், அல்லது கருகிய வாடை, உப்பிய கெப்பாசிட்டர், இஎல்சிபி விழுவது இவற்றில் ஒன்றைக் கண்டால், நிறுத்திக்கொண்டு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பட்டர்வொர்த்தில் தெரிந்த கடையானாலும் ஃபெரி ஏறிப் போகும் கொம்தார் கடையானாலும் தவுக்கேயிடம் ‘அணைய மாட்டேங்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “அண்ணே, பயாஸ்லயும் அணையல. 24 பின்னைக் கழட்டினா பவர் சப்ளை நிக்குது” என்று சொல்லுங்கள். உடனே விலை பேசாமல் சோதிப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன் சோதனைக் கட்டணம் எவ்வளவு, பழைய பாகம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் போர்டைச் சோதிக்க முடியும். கணக்கு வைத்திருப்பவர்கள் அப்படியே செய்யுங்கள்.

பத்து வயதான போர்டுக்குப் புதிய போர்டு தேடுவது கட்டுப்படியாகாது. அந்தக் காசில் வேறொரு பழைய கணினியே கிடைக்கும், ஹார்டு டிஸ்க்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கழித்த போர்டையும் பவர் சப்ளையையும் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற வகையில் அட்டவணைக் கழிவாகக் கணக்கிடப்படுகிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்தில்தான் அது போய்ச் சேர வேண்டும்.